பிள்ளையின் முழங்கால் வலியும் பெரியவர்களின் அலட்சியமும்

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்பு முறிவு வார்டு. ஊரின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் இங்கே வேண்டாம். காலொடிந்து கிடந்த ஒரு தோழருக்குத் துணையாக அன்றிரவு நாம் அங்கே இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் 11 வயதுப் பையன் ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். தகப்பன் நூற்பு மில் தொழிலாளி. சைக்கிளிலிருந்து விழுந்ததில் பையனின் முழங்காலுக்குள்ளே, தசைநார் வேர்பிடித்திருக்கும் இடத்தில், ஒரு துண்டு எலும்பு பெயர்ந்துவிட்டது. வளரும் பிள்ளைகளுக்கு வழக்கமாக வருகிற காயம்தான் இது. பெரியவர்களுக்கு நார் அறும். பிள்ளைகளுக்குப் பல சமயம் நார் அறுவதற்கு முன் அது பற்றியிருக்கும் எலும்பே பெயர்ந்து வந்துவிடும். அன்று காலை ஆபரேஷன் செய்து எலும்பைப் பழைய இடத்தில் பொருத்தினார்கள். நன்றாகவே செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மயக்கம் தெளிந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. சாயங்காலம் முனகினான். இரவு அலறினான். தகப்பனுக்கு நைட் ஷிப்டு. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். தாய் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஓடினாள்.

“சிஸ்டரம்மா, பையன் துடிக்கிறானுங்க. கொஞ்சம் வந்து பாருங்கம்மா.”

“ஊசி போட்டாச்சும்மா. அடுத்த ஊசி காலையிலதான். ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும். டேய் தம்பி, ஆம்பளைப் பிள்ளை இப்படி அழலாமா?”

அந்த நர்ஸ் மீது நமக்குக் கோபமில்லை. வார்டு நிறைய நோயாளிகள், அவர் ஒருவர். கண்ணில் தூக்கம், கையில் ரிஜிஸ்தர். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, “ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும்” என்பது, அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டுமென்று தோன்றியது. பெரிய படிப்புப் படித்தவர்களும் அதைச் சொல்கிறார்கள். நம் தாய்மார்களும் அதை நம்பி, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அது உண்மையா?

இல்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்த பிள்ளை முதல் இரவை அலறிக் கழிக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. அதற்கு வழி இருக்கிறது. நேற்று முந்தாநாள் கண்டுபிடித்த வழியுமல்ல. நூறு வருஷத்துக்கு மேலான வழி.

பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும். ஈறில் ஒரு ஊசி போடுகிறார்கள். சற்று நேரத்தில் பாதி வாய் மரத்துப் போகிறது. ஆளுக்கு நினைவு இருக்கிறது, பேசுகிறார், ஆனால் பல்லைப் பிடுங்குவது தெரிவதில்லை. அதே வேலையைக் காலில் செய்வதுதான் நரம்பு மரப்பு ஊசி. முழங்காலின் முன்பக்கத்து வலியைச் சுமந்து செல்லும் பெரிய நரம்பு கவட்டியின் வழியாகத் தொடைக்கு இறங்குகிறது. பின்பக்கத்து வலியைக் கொண்டுபோகும் நரம்பு பிட்டத்தின் வழியாக இறங்குகிறது. எந்த நரம்பை மறிக்க வேண்டுமோ அதன் பக்கத்தில் மரப்பு மருந்தைச் செலுத்தினால், முழங்காலிலிருந்து கிளம்பும் வலி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை.

வயலில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரே ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டாமென்றால் என்ன செய்கிறோம்? அந்த வயலின் மடையை அடைக்கிறோம். அணையையே மூடிவிடுவதில்லை. மார்பின் போன்ற மருந்துகள் அணையை மூடுகிற மாதிரி: வலி அடங்கும், ஆனால் உடம்பு முழுவதும் சோர்ந்துவிடும், வாந்தி வரும், மலம் கட்டும், அளவு மிஞ்சினால் மூச்சே தளர்ந்துவிடும். மரப்பு ஊசி மடையை அடைக்கிற வேலை. பிள்ளை விழித்துக்கொண்டு கஞ்சி குடிக்கலாம், அம்மாவோடு பேசலாம். கால் மட்டும் தூங்கும்.

இந்த மருந்தின் கதையை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தென் அமெரிக்காவின் மலைநாட்டில் கோக்கா என்றொரு செடி உண்டு. அந்த மண்ணின் மக்கள் அதன் இலையை மென்று வந்தார்கள். ஸ்பானியர்கள் அந்த நாட்டைப் பிடித்தபின், பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் கட்டாய வேலைக்கு இறக்கப்பட்டவர்கள் பசியும் களைப்பும் தெரியாமலிருக்க அதே இலையை மென்றார்கள். மென்றால் நாக்கும் உதடும் மரத்துப் போகும். 1860-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமன் என்பவர் அந்த இலையின் சாரத்தைப் பிரித்தெடுத்தார்; கோக்கெய்ன் என்று பெயர் வைத்தார். 1884-ல் வியன்னா நகரத்தில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் அதைக் கண்ணில் சொட்டாக விட்டு, வலியில்லாமல் கண் ஆபரேஷன் செய்ய முடியும் என்று காட்டினார். சுரங்கத்துக் கூலியாள் வாயில் அடக்கிய இலைக்கு அன்றைக்குத்தான் வைத்திய உலகத்தில் மரியாதை பிறந்தது!

அதற்குப் பிறகு வேகம். அடுத்த ஓராண்டுக்குள் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் நரம்பின் அருகே ஊசி போட்டு அந்த நரம்பு ஆளும் பகுதி முழுவதையும் மரக்கச் செய்தார். தம் உடம்பிலேயே பரீட்சை செய்து பார்த்து, பாவம், அந்த மருந்துக்கே அடிமையும் ஆனார். 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பீர் என்பவர் முதுகுத் தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார். அவரும் உதவி டாக்டரும் ஒருவருக்கொருவர் சோதித்துப் பார்த்துக்கொண்ட கதை வேடிக்கையானது. உதவி டாக்டரின் காலை மரக்கச் செய்துவிட்டு, இரும்புச் சுத்தியலால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் அடித்தார்கள், எரியும் சுருட்டால் சுட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெற்றி என்று ஒயின் குடித்து விருந்து சாப்பிட்டார்கள். மறுநாள் பீருக்குத் தலை நிமிர முடியாத தலைவலி. உதவி டாக்டரின் காலெல்லாம் காயம்!

கோக்கெய்ன் ஆபத்தான மருந்து. அதனால் அடிமைப்படுத்தாத, விஷம் குறைந்த மருந்துகளைத் தேடினார்கள். இந்த நூற்றாண்டு பிறப்பதற்கு நெடுநாள் முன்பே கிடைத்தும்விட்டன. 1905-க்குள் நோவோகெய்ன் வந்தது. சோவியத் நாட்டில் சர்ஜன் விஷ்னெவ்ஸ்கி அந்த நோவோகெய்னை நீர்த்த கரைசலாக்கி, வெட்டும் இடத்தைச் சுற்றி அடுக்கடுக்காகச் செலுத்தி ஆபரேஷன் செய்யும் முறையை வளர்த்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் காயம்பட்ட செஞ்சேனை வீரர்கள் ஏராளமானோருக்கு அது உதவியது. 1943-ல் ஸ்வீடனில் லிடோகெய்ன். 1957-ல் அதே ஸ்வீடனில் பியூபிவக்கெய்ன். இந்தப் பியூபிவக்கெய்ன்தான் இன்று நம் விஷயத்துக்கு முக்கியம். லிடோகெய்ன் இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுப் போகும். இது காலில் போட்டால் எட்டு மணி முதல் பதினாறு மணி நேரம்வரை கூட நிற்கும். அதாவது, காலையில் ஆபரேஷன் செய்துகொண்ட பையனுக்கு இரவின் பெரும்பகுதியைக் கடத்திவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பியூபிவக்கெய்ன் இருக்கிறது. இந்தியாவின் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு புட்டியின் விலை ஒரு நாள் கூலியில் சிறு பங்கு. ஆக, வலியைத் தடுக்கும் வித்தை உண்டு, மருந்து உண்டு, விலையும் மலிவு. பிறகு ஏன் பிள்ளை அலறுகிறான்?

இங்கேதான் ஒரு வெட்கக்கேடான சரித்திரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு வலி தெரியாது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பினார்கள்! பாமரர்கள் அல்ல, பட்டம் பெற்ற வைத்தியர்கள். நரம்பு வளரவில்லை, ஞாபகம் நிற்காது, அழுகை வெறும் பழக்கம் என்றார்கள். 1980-களின் நடுப்பகுதி வரையில் மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பச்சைக் குழந்தைகள் பலருக்கு, கை காலை அசையாமல் கட்டிப்போடும் மருந்தை மட்டும் கொடுத்து, வலிக்குச் சரியான மருந்து கொடுக்காமல் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அசைய முடியாது, அழ முடியாது. அழாததால் வலிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, மேல்படிப்புக்காக ஆக்ஸ்போர்டு சென்ற டாக்டர் கன்வல்ஜித் ஆனந்த். ஆபரேஷன் முடிந்து வரும் குறைமாதக் குழந்தைகள் ஏன் இப்படி வெளிறி நிலைகுலைந்து வருகிறார்கள் என்று கேட்டார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கப்படியும், மறு பகுதிக்கு வலிமருந்தும் சேர்த்தும் கொடுத்து, இரத்தத்தைச் சோதித்தார். வலிமருந்து பெறாத குழந்தைகளின் உடம்பு பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாகியிருந்தது. சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-ல் இது வெளியாயிற்று. அந்த ஆண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பச்சைக் குழந்தைக்கும் வலிமருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டுமென்று அறிவித்தது. மனிதன் சந்திரனில் இறங்கி 18 வருஷம் கழித்து!

பச்சைக் குழந்தை வாய் திறந்து சொல்லாது, சரி. வாய் பேசும் பிள்ளைகளாவது தப்பித்தார்களா? 1977-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கைப் பாருங்கள். நான்கு முதல் எட்டு வயதுவரை உள்ள 25 பிள்ளைகள். எல்லோரும் ஆபரேஷன் ஆனவர்கள். அவர்களில் 13 பேருக்கு ஒருவேளை வலிமருந்துகூடக் கொடுக்கப்படவில்லை. 25 பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதிலும் பெற்றது 24 வேளை மருந்து. அதே மாதிரி நோயுள்ள 18 பெரியவர்களுக்குக் கொடுத்தது எத்தனை தெரியுமா? 671 வேளை!

ஏன் இப்படி? பெரியவன் கேட்பான், சத்தம் போடுவான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் அழுத பிள்ளைக்குக் கிடைப்பது அதட்டல். அழாத பிள்ளையின் நிலைமை அதைவிட மோசம். வலிக்கிறது என்று சொன்னால் இன்னொரு ஊசி குத்துவார்களே என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு “வலிக்கலை” என்கிற பிள்ளைகள் உண்டு. நாமே பார்த்திருக்கிறோம். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரிசையாகப் படம் போட்ட அட்டை ஒன்று இருக்கிறது. உன் வலி எந்த முகம் என்று பிள்ளையைத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளைகூடக் காட்டும். ஒரு அட்டையின் செலவு என்ன? அது எத்தனை வார்டுகளில் தொங்குகிறது?

இன்னொன்றும் உண்டு. யாருடைய பிள்ளை என்பதைப் பொறுத்தும் வலியின் மதிப்பு மாறுகிறது. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், குடல்வால் வீக்கத்தால் கடும் வலியோடு வந்த நீக்ரோ இனப் பிள்ளைகளுக்கு, இன்று அவர்களைக் கறுப்பின மக்கள் என்று சொல்வதே முறை, வெள்ளைப் பிள்ளைகளைவிட மிகக் குறைவாகவே வீரியமுள்ள வலிமருந்து கொடுக்கப்பட்டது தெரியவந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வு: வெள்ளைக்கார மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர், கறுப்பினத்தாரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். நம் ஊரில் இது வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. “காட்டு வேலை செய்கிற ஜனங்கள், தாங்குவாங்க” என்று சொல்லக் கேட்டதில்லையா? உழைத்துக் காய்த்த உள்ளங்கை உண்மைதான். 11 வயதுப் பையனின் முழங்காலுக்குள்ளே எங்கே காய்த்திருக்கிறது?

மறுநாள் காலை மயக்க மருந்து டாக்டரைப் பிடித்துப் பேசினோம். இளைஞர். கண் சிவந்திருந்தது. நாம் கேட்டதற்குக் கோபிக்கவில்லை.

“எனக்கு அந்த ஊசி தெரியும் சார். போடவும் ஆசைதான். இங்கே ரெண்டு மேஜை, நான் ஒரு ஆள். ஒருத்தரை மயக்கத்திலிருந்து எழுப்புறதுக்குள்ளே அடுத்தவரை உள்ளே கொண்டு வந்துடுறாங்க. ஸ்கேன் மெஷின் பிரசவ வார்டிலே இருக்கு. அதைத் தள்ளிக்கிட்டு வர்றதுக்குள்ளே பிரசவக் கேஸ் வந்துடும்.”

அவர் சொன்ன ஸ்கேன் வேறொன்றுமில்லை. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதுவேதான். முன்பெல்லாம் நரம்பு எங்கே இருக்கிறது என்று கைத்தடவலில் கணித்து ஊசியை இறக்கினார்கள். பிறகு சிறு மின்சாரத்தால் தசை துடிப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். 1990-களில், கோலர் கண் ஆபரேஷன் செய்த அதே வியன்னாவில், ஸ்கேன் கருவியின் திரையில் நரம்பையும் ஊசி முனையையும் நேராகப் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். நரம்பு மெல்லியது, பக்கத்திலேயே இரத்தக் குழாய். கண்ணால் பார்த்துப் போட்டால் மருந்தின் அளவும் குறையும், குழாயில் குத்திவிடும் பயமும் குறையும்.

தமிழ்நாட்டில் மருந்து இல்லை என்று சொல்வதற்கில்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. இதில் நம் ராஜ்யம் மற்ற ராஜ்யங்களுக்கு வழிகாட்டியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் இல்லாதது ஆள். ஆபரேஷன் செய்ய ஆள் போட்டால் எத்தனை ஆபரேஷன் என்று கணக்குக் காட்டலாம். ஒரு பிள்ளை இரவில் அழாமல் தூங்கினான் என்பதை எந்த ரிஜிஸ்தரில் எழுதுவது? கணக்கில் வராத வேலைக்கு ஆள் போடமாட்டார்கள். மில்லில் ஒரு ஆளுக்கு எத்தனை பக்கம் ஓட்டச் சொல்கிறார்கள் என்று தெரிந்த தோழர்களுக்கு இந்த இளம் டாக்டரின் நிலைமை சொல்லாமலே விளங்கும். உலகக் கணக்கும் இதுதான்: பத்திரமான ஆபரேஷனும் மயக்க மருந்தும் கைக்கெட்டாத மக்கள் 500 கோடிப் பேர் என்று 2015-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த கமிஷன் சொன்னது.

மார்பின் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கேட்டோம். அந்தக் கதை இன்னும் விசித்திரம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் நம் விவசாயிகள் சர்க்கார் லைசென்சுடன் அபினி பயிரிடுகிறார்கள். அது வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போய், அந்நாட்டு நோயாளிகளின் வலி தீர்க்கிறது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டமோ இங்குள்ள ஆஸ்பத்திரிகள் மார்பின் வாங்குவதை இத்தனை லைசென்சுகளுக்குள் முடக்கியது; பலர் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் வலிநிவாரண சேவையைத் தொடங்கிய டாக்டர் ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் வருஷக்கணக்கில் போராடிய பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தினாலும் பயம் போகவில்லை. டிரமடால், கோடீன் ஆகியவற்றை 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வந்தால், மரப்பு ஊசி வசதி படைத்தவர்களுக்கான அலங்காரமல்ல, நம் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் வேண்டும் என்பது தெரியும்.

ஊசியைப் பற்றிப் பயமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. “காலில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போயிடுமாமே?” என்று அந்தத் தாயே நம்மிடம் கேட்டாள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கத்தில் இருக்கும்போதே இந்த ஊசியைப் போடுகிறார்கள். விழித்திருந்தால் பயத்தில் துள்ளும், அதுதான் ஆபத்து. அமெரிக்காவில் பல குழந்தை ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்து 2018-ல் வெளியிட்டார்கள். நரம்பு நிரந்தரமாகக் கெட்டுப்போன பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. மருந்து இரத்தத்தில் கலந்து வலிப்போ இருதயக் கோளாறோ வருவது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அப்படி வந்தால் கொடுக்க ஒரு கொழுப்புக் கரைசல் இருக்கிறது. மரப்பு ஊசி போடுகிற இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. நம் பிள்ளைகள் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். வயதைப் பார்த்து அளவைக் கணித்தால் தப்பாகும். எடைக் கல்லில் நிறுத்திப் பார்த்தார்களா என்பதை அவசியம் கவனிக்க வேண்டும்.

எல்லா முழங்காலுக்கும் இது பொருந்தாது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே எலும்பு நொறுங்கியவர்களுக்கு உள்ளே வீக்கம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அதற்கு முதல் அடையாளமே தாங்கமுடியாத வலி. அந்த அடையாளத்தை ஊசி மறைத்துவிடுமோ என்று டாக்டர்கள் தயங்குவது நியாயம். இன்னொரு விவாதமும் நடக்கிறது. கவட்டியில் போடும் ஊசி தொடைத் தசையையும் சேர்த்துத் தளர்த்துகிறது. தசைநார் ஆபரேஷனான வளரும் பிள்ளைகளில் ஆறு மாதம் கழித்தும் தொடையின் பலம் குறைந்திருந்தது என்று 2015-ல் ஒரு ஆய்வு சொன்னது. அதனால் இப்போது பலர் இன்னும் கீழே, தொடையின் நடுவில் உட்புறமாக, வலி நரம்பை மட்டும் மறிக்கும்படி போடுகிறார்கள். கால் பலம் பெரும்பாலும் தப்புகிறது. எதைப் போடுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றுமே போடாமல் விடுவதற்கு இந்த விவாதத்தைச் சாக்காக்கக் கூடாது.

ஊசியின் பலம் விட்டுப்போகும் நேரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மணிக்குத் திடீரென்று மடை திறந்தால் வலி ஒரேயடியாகப் பாயும். அப்போது ஓடிப்போய் மாத்திரை கேட்டால் நேரம் தப்பிவிட்டது. மரப்பு விடுவதற்கு முன்பே பாராசிட்டமாலும், டாக்டர் சம்மதித்தால் இபுப்ரோபெனும் வேளை தவறாமல் கொடுத்துவர வேண்டும். நரம்பின் பக்கத்தில் மெல்லிய குழாயை வைத்து இரண்டு மூன்று நாள் சிறிது சிறிதாக மருந்து விடும் முறையும் உண்டு. அதுவரை பிள்ளை தனியாகக் காலை ஊன்றி எழ விடக்கூடாது. மரத்த கால் மடங்கிக் கீழே விழுவான். சூடு ஒத்தடம் கூடாது, கொப்புளித்தாலும் அவனுக்குத் தெரியாது. கால் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, ஊசி போட்டும் தாங்காத வலி என்று பிள்ளை சொன்னாலோ, நர்ஸ் அதட்டினாலும் சரி, டாக்டரை எழுப்பியே தீர வேண்டும்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க ஒரு காகிதம் நீட்டுகிறார்கள் அல்லவா? கைநாட்டு வைப்பதற்கு முன் நாம் பேசுகிற நேரம் அதுதான். மயக்க மருந்து டாக்டர் யார், ஆபரேஷனுக்குப் பின் வலிக்கு என்ன செய்யப் போகிறீர்கள், காலுக்கு நரம்பு மரப்பு ஊசி போடலாமா, இல்லையென்றால் ஏன், இரவில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாக வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நாம் கட்டும் வரியில் ஓடுகிற ஆஸ்பத்திரி. நம் சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு, ஜில்லா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆபரேஷன் அறைக்கென்று தனி ஸ்கேன் எப்போது வரும் என்பதையும் எழுதிக் கேட்கத் தொடங்கினால், அந்த இளம் டாக்டர் நிச்சயம் நம் பக்கம்தான் நிற்பார். அவரே சொன்னார்: “நீங்க கேட்டாத்தான் சார் மேலே போகும். நான் கேட்டா இடமாற்றம்தான் வரும்.”

பையன் ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனான். கால் குணமாகி வருகிறது. சைக்கிளில் விழுந்ததைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அந்த இரவைப் பற்றிக் கேட்டால் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். தகப்பன் நம்மிடம் வந்து அந்த ஊசியின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். கூட வேலை செய்கிறவரின் மகளுக்கு முழங்கால் வளைந்திருக்கிறதாம். அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம். எழுதிக் கொடுத்தோம். மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.